மூன்றாவது ஓட்டை

பட்டணத்துப் போலீஸ் கமிஷனர் என்னைக் கைது செய்யத்தான் ஆம்பூருக்கு ரயிலேறி வருகிறார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் நம்பிக்கொண்டிருந்தேன். மதராஸில் இருந்த திருடர்களையெல்லாம் பிடித்துப் போட்டுவிட்டு, மிச்சமிருந்த ஒரே ஆளுக்காக அத்தனை தூரம் வருகிறாராம். தன்னைப் பற்றி இவ்வளவு உயர்வாக நினைத்துக்கொள்ள ஒரு போலீஸ் ஸ்டேஷன் ரைட்டரால்தான் முடியும்.

தந்தியில் இருந்தது இவ்வளவுதான்: கமிஷனர் துரை உத்தியோகம் முடிந்து நீலகிரிக்குப் போகிறார், வழியில் ஆம்பூரில் இறங்குவார், பழைய ரைட்டர் வந்து பார்க்க வேண்டும். 'பார்க்க வேண்டும்' என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்! வந்தவர்களில் வீடு திரும்பியவர்கள் கம்மி. இரண்டு வேட்டி, ஒரு சொம்பு, ஒரு ஜாடி மாங்காய் ஊறுகாய் எல்லாவற்றையும் மூட்டை கட்டினேன்.

"ஜெயிலுக்கு எதுக்குங்க ஊறுகா?" என்றாள் மனைவி.

"அங்க ஊத்தற கஞ்சிக்குத் தொட்டுக்க."

"அப்ப இன்னும் ஜாஸ்தியா வெச்சி கட்டுங்க. தீர்ந்து போச்சின்னு திரும்பி வந்துடப் போறீங்க."

பயத்துக்குக் காரணம் ஒரு ஆட்டுத்தோல். முப்பது வருஷத்துக்கு முன்பு இந்தத் துரை மீசை சரியாக முளைக்காத உதவி சூப்பிரண்டாக வேலூருக்கு வந்தார். அப்போது ஆம்பூரில் ஒரு வியாபாரியின் தோல்கள் திருடு போய்க்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் தோல் பதனிடும் கொட்டகைகளில் பல பேருடைய தோல் ஒரே சுண்ணாம்புத் தொட்டியில்தான் ஊறும். எது யாருடையது என்று தெரிவதற்காக வால் பக்கத்தில் உளியால் ஓட்டை போட்டிருப்பார்கள். பறிகொடுத்தவருக்கு மூன்று ஓட்டை. இன்னொரு சாயபுவுக்கு இரண்டு.

தோலில் ஒட்டிய சதையைச் சீவுகிற கூலிக்காரன் ஒருவன் வீட்டில் துரை ஒரு தோலைக் கண்டுபிடித்தார். வெளிச்சத்தில் பிடித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். அந்தக் கூலிக்காரன் கையெடுத்துக் கும்பிட்டு, "சாமி, ரெண்டுதான் உளி. மூணாவது உண்ணி கடிச்ச ஓட்ட. ரெண்டு ஓட்ட சாயபு எனக்குச் சும்மா குடுத்தாரு" என்றான். சாயபு ஹஜ்ஜுக்குக் கப்பலேறிப் போயிருந்தார்.

தோல் நாற்றத்திலேயே பிறந்தவன் நான். உளி போட்ட ஓட்டையின் விளிம்பு வட்டமாக வெட்டினாற்போல இருக்கும். உண்ணி கடித்தது பிசிறடித்து, சுற்றிலும் மெலிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் போதும். தடவவும் செய்தேன். துரை என் முகத்தைப் பார்த்தார். தோலைக் கைப்பற்றிய மகஜரில் 'மூன்று துளைகள்' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

கூலிக்காரனுக்கு வேலூர் ஜெயிலில் ஒன்றரை வருஷம். துரைக்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம். அதுதான் அவருக்கு முதல் படி. அப்புறம் ஜில்லா ஜில்லாவாக ஏறி, கூட்டத்தைத் தடியால் கலைப்பதில் சூரர் என்று பெயரெடுத்து, கடைசியில் பட்டணத்துக்கே கமிஷனரானார். நான் ரைட்டராகவே இருந்தேன்.

ஹஜ் முடிந்து வந்த சாயபு நேரே ஸ்டேஷனுக்கு வந்தார். "அரே ரைட்டர், அது நம்ம தோலுதான். உண்ணி கடிச்சது, வில போவாதுன்னு நான்தான் குடுத்தேன்" என்றார். கேஸ் முடிந்துவிட்டது, துரையும் மாறிப் போய்விட்டார் என்றேன். அவர் கொண்டுவந்த பேரீச்சம்பழத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். நல்ல பழம்.

ஜெயிலிலிருந்து வந்தவனை எந்தக் கொட்டகையிலும் சேர்க்கவில்லை. கேடி ரிஜிஸ்டரில் பெயர் ஏறிவிட்டதால் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்கு வந்து கைநாட்டு வைத்துவிட்டுப் போவான். மை தடவி அந்தக் கட்டைவிரலை உருட்டியெடுப்பவன் நான்தான். அன்றைக்கும் வந்தான்.

"தொர வர்றாராமே ஐயா" என்றான். "ஒரு வார்த்த சொல்லுங்க. இந்தப் பேர மட்டும் எடுத்துட்டா போதும். பொண்ணு கேட்டு வர்றவன்லாம் கேடி வூடான்னு திரும்பிப் போய்ட்றான்."

"நானே உள்ள போறேன்னு இருக்கேன், நீ வேற பேஜார் பண்ணாதப்பா" என்றேன். ஆனால் சொல்லிவிடுவது என்று அப்போதே முடிவும் செய்தேன். எப்படியும் மாட்டிக்கொண்டாயிற்று, உண்மையைச் சொன்ன புண்ணியமாவது மிஞ்சட்டுமே.

ரயிலடி வெயிட்டிங் ரூமில் துரை சாய்வு நாற்காலியில் இருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. மூட்டையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தேன். பெல்ட் பக்கிள் தெறித்து அவர் காலடியில் போய் விழுந்தது.

"ரைட்டர், நீ இன்னும் சாகவில்லையா?" என்று பரீட்சைக்குப் படித்த தமிழில் கேட்டார். மிகவும் சந்தோஷமாக இருந்தார். தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதுகிறாராம். முதல் அத்தியாயமே நம் தோல் வழக்குதானாம். அந்தக் குறி எப்படி இருந்தது என்பது மட்டும் மறந்துவிட்டது. படம் போட வேண்டும். காகிதத்தையும் பென்சிலையும் நீட்டினார்.

கைது இல்லை, விசாரணை இல்லை. பென்ஷனுக்கு இன்னும் இரண்டே வருஷம். சாவு பயம் விட்டுப்போன மாதிரி உடம்பு லேசாகிவிட்டது. அந்த லேசில்தான் கெட்டேன். வால் பக்கம் வரைந்தேன். ஒரு வட்டம் போட்டேன். இன்னொன்று போட்டேன். அங்கே பென்சில் நின்றது.

"மூன்று அல்லவா?" என்றார் துரை.

"ஆமாங்க தொர. மூணுதான்."

மூன்றாவதையும் போட்டேன், வட்டமாக, விளிம்பு சுத்தமாக. அவர் என் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு ரயிலேறிப் போனார். வீட்டில் ஊறுகாய் ஜாடியைத் திரும்ப உறியில் வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். "சொன்னீங்களா ஐயா?" என்றான். "சொன்னேம்பா, தொர பாக்கலாம்னாரு" என்றேன். அவன் கட்டைவிரலை நீட்டினான். மை தடவி, உருட்டி எடுத்தேன்.