செவலையும் பஞ்சாரமும்

காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் முகத்தில் ஒரு சூடு அடிக்கும். ராத்திரி முழுக்கக் கோழிகள் உள்ளே மூச்சு விட்ட சூடு. எச்சமும் தவிடும் கலந்த வாடை அதோடு வரும். பஞ்சாரம் என்பது மூங்கில் பத்தையில் பின்னிய பெரிய கூடை. கோழிகளை உள்ளே விட்டுக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டால் கோழி வெளியே வராது, கீரி உள்ளே போகாது. எங்கள் வீட்டில் அந்தப் பஞ்சாரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒரு நாய் தூங்கும். நான் கூடையைத் தூக்கியதும் நாய் கொட்டாவி விடும். கோழிகள் அதன் வாலை மிதித்துக்கொண்டு போகும். அது வாலைச் சுருட்டிக்கொள்ளும். அவ்வளவுதான்.

அதன் பெயர் செவலை. நிறமே பெயர்.

அழகர்கோவில் போகிற ரோட்டில், மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எங்கள் தெரு. கோவிலுக்கு வருகிற சனங்கள் குரங்குகளுக்குப் பொரியும் பழமும் போடுவார்கள். கூட்டம் இல்லாத நாட்களில் குரங்குகள் எங்கள் தெருவுக்கு வந்துவிடும். ஓட்டைப் பிரிக்கும், பப்பாளியைக் கடித்துப் போடும், கொடியில் கிடக்கிற துணியைத் தூக்கிக்கொண்டு போகும். அதற்காகத்தான் அண்ணன் பாண்டி அந்தக் குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். அம்மா வாசலிலேயே மறித்தாள்.

"கோழி வளக்குற வீட்டுல நாயா? ஒனக்குக் கிறுக்காடா?"

அய்யா மாட்டுத்தாவணியில் பூ மூட்டை தூக்குகிறவர். விடியுமுன் போய் வெயில் ஏறத் திரும்புவார். வீட்டில் அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு, "கெடக்கட்டும்" என்றார். குட்டி தங்கிவிட்டது.

வேண்டாம் என்று சொன்ன அம்மாதான் அதை வளர்த்தாள். நாயையும் கோழியையும் ஒரே முற்றத்தில் வைத்துக்கொள்ள அவள் செய்தது எல்லாம் எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது. முதல் வாரமே அடைக்கோழி பக்கத்தில் குட்டியைக் கொண்டுபோய் விட்டாள். கோழி மூக்கில் ஒரு கொத்து கொத்தியது. குட்டி கத்திக்கொண்டு அண்ணன் காலுக்குள் புகுந்தது. "இனிமே மருவாதி இருக்கும்" என்றாள். காலையில் நாய்க்குச் சோறு வைத்த பிறகுதான் கோழிகளுக்குக் குருணை இறைப்பாள். பசித்த நாய்க்கு முன்னால் கோழிகளை ஓட விடமாட்டாள். கோழி அறுக்கிற நாளில் இறகையும் குடலையும் தூரத்தில் குழி தோண்டிப் புதைக்கச் சொல்வாள். கறி எலும்பைக் கூட நாய்க்குப் போட மாட்டாள். குஞ்சு பொரித்த கோழியிருந்தால் நாயைச் சங்கிலியில் போட்டுவிடுவாள். நாய் மேல் இருந்த பயத்தைவிட, தாய்க்கோழி நாயின் கண்ணைக் கொத்திவிடும் என்ற பயம்தான் அவளுக்கு அதிகம்.

இப்படி வளர்ந்த நாய் அது. அதன் வட்டிலில் கோழிகள் தலையை விட்டுச் சோறு பொறுக்கும். செவலை முகத்தைத் திருப்பிக்கொண்டு மலையைப் பார்க்கும்.

குரங்கு வேலையை அண்ணன் கற்றுக்கொடுத்தான். மதில்மேல் குரங்கு உட்கார்ந்ததும் கையை நீட்டி, "சூ!" என்பான். நாயை ஏவிவிடுகிற சத்தம் அது. எங்கள் பக்கம் அதை "சூ காட்டுறது" என்பார்கள். செவலை பாயும், குரங்கு ஓடும். திரும்பி வந்து அவன் காலடியில் வாலை ஆட்டும். அண்ணன் அதன் தலையைத் தடவி, "ஏ ராசா, ஏ சிங்கம்" என்பான். தெருவே அதைக் கடன் வாங்கியது. எதிர்வீட்டுப் பேச்சியம்மா அத்தை, "ஏய் பாண்டி, ஒந் தம்பிய இங்கிட்டு அனுப்புடா, முருங்க மரத்துல நாலு ஒக்காந்துருக்கு" என்று கூப்பிடுவாள். அண்ணன் நாயோடு போவான். யார் அதிகம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தது என்று சொல்ல முடியாது.

அந்தக் கோடையில் அம்மா முற்றத்தில் பழைய வேட்டியை விரித்துக் கூழ்வத்தல் ஊற்றினாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பொறிக்கோழி, கறுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட கோழி, செத்துக் கிடந்தது. செவலை சங்கிலியில் கிடந்தது. முதுகில் விளக்குமாறு பட்ட தடம்.

"அடுப்படில இருந்தேன். சத்தம் கேட்டு வாரேன், கோழியக் கவ்விக்கிட்டு வந்து எங் காலடில போட்டுட்டு வால ஆட்டுதுடி" என்று அம்மா சொன்னாள். "என்ன நெஞ்சழுத்தம் பாரு."

பேச்சியம்மா அத்தை வந்து பார்த்தாள். "ருசி கண்டுருச்சு மதினி. இனி விடாது. ஒண்ணு செய்யி. முட்டைய அவிச்சு, சூட்டோட வாயில குடு. சுட்டுச்சுன்னா அம்புட்டுத்தேன், கோழி வாசமே ஆகாது."

அம்மா முட்டை அவித்தாள். செவலை அதை வாயில் வாங்கியது. சுட்டதும் துப்பியது. பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆறுகிற வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆறியதும் தின்றுவிட்டது. அத்தை, "இது வேற சாதி நாயி" என்று எழுந்து போனாள்.

சில நாள் கட்டிப் போட்டு, பிறகு அவிழ்த்துவிட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கோழிகள் அதன் மேலேறி விளையாடின. அம்மா மறுபடி வத்தல் ஊற்றினாள். அன்றைக்கு, இன்னும் முட்டையிடத் தொடங்காத ஒரு வெடைக்கோழி போயிற்று. அதுவும் அம்மாவின் காலடியில்தான்.

இந்தத் தடவை அம்மா நாயை அடிக்கவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. மாமாவுக்குச் சொல்லி அனுப்பினாள். மாமா அம்மாவின் தம்பி. மேலூர்ப் பக்கம் செங்கல் காளவாசலில் வேலை. அங்கே காவலுக்கு நாய் வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். காளவாசல் நாய்களை நான் பார்த்திருக்கிறேன். புகைக்குள் சங்கிலியில் கிடக்கும். யார் போனாலும் குரைக்கும். எதற்கென்று அதற்கே தெரியாது.

"சேவலுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங் கருப்புக்கு என்ன சொல்லுவேன்?" என்றாள் அம்மா. அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டபோது கருப்புசாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று முற்றத்தில் திரிந்தது. ஆடியில் கொண்டுபோய்ச் செலுத்த வேண்டும். அதற்கு எதிராக அண்ணனால் பேச முடியவில்லை. அவனுக்காகத்தானே சேவல்.

எனக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. ருசி கண்ட நாய் கோழியைத் தின்ன வேண்டாமா? செவலை ஒரு இறகைக் கூடத் தின்னவில்லை. கொண்டுவந்து போட்டுவிட்டு வாலை ஆட்டியது. அந்த வாலாட்டலை நான் எங்கேயோ பார்த்திருந்தேன்.

கோடை லீவு விட்டிருந்தார்கள். மாமா வண்டி வரும் வரை நாயைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சங்கிலியில் கிடந்த செவலையின் வட்டிலில் கோழிகள் வந்து கொத்தின. அது அசையவில்லை. ஒரு கோழி அதன் காதிலிருந்த உண்ணியைக் கொத்தியது. கண்ணை மூடிக்கொண்டது. பிறகு அந்தக் கோழிகள் வத்தல் பக்கம் போயின. அம்மா அடுப்படியிலிருந்து தலையை நீட்டிக் கோழிகளை விரட்டினாள்.

"சூ! சூ!"

செவலை எழுந்த வேகத்தில் சங்கிலி விறைத்தது. கழுத்து இறுகி, முன்னங்கால் இரண்டும் தரையை விட்டு எழும்பின. கண் நேரே கோழிகள் மேல்.

கோழிகள் ஓடியதும் அம்மா தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். செவலை படுத்துவிட்டது. நான் கிட்டத்தில் கிடந்த அய்யாவின் செருப்பைக் கை காட்டி, மெதுவாக "சூ" என்றேன். செவலை செருப்பைக் கவ்வி உதறி, கொண்டுவந்து என் காலடியில் போட்டுவிட்டு வாலை ஆட்டியது.

அண்ணனிடம் ஓடினேன். அவன் முதலில் கோபப்பட்டான். "நாங் கொரங்குக்குத்தேன் சொல்லிக் குடுத்தேன்." பிறகு கொஞ்சம் யோசித்தான். "ஆனா கொரங்குன்னு சொல்லல. சூன்னுதேன் சொன்னேன்."

கோழியை விரட்டி முடுக்கவும் எங்கள் ஊரில் சூ தான். நாயை ஏவவும் சூ தான். வீட்டில் எல்லோருக்கும் இரண்டும் தெரியும். வத்தல் காயாத நாளில் முற்றத்துக் கோழியை விரட்டும் வேலையே இல்லை. நாயும் கோழியும் ஒரே முற்றத்தில் நிற்கும்போது அதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நாய்தான் சேர்த்துப் பார்த்தது.

அம்மா நம்பவில்லை. "அப்ப நாந்தேன் கொல்லச் சொன்னேனா? நாய்க்கு எந்தப் பள்ளிக்கூடத்துலடி தமிழ் சொல்லிக் குடுத்தாக?"

மாமா வண்டி தெருமுனையில் வந்து நின்றது. கையில் ஒரு கயிற்றோடு இறங்கி வந்தார். அய்யா வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு நின்றார். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். மாமாவைப் பார்த்து, "இரு மாப்ள" என்றார். போய்ச் சங்கிலியை அவிழ்த்துவிட்டார்.

"ஏங்க, சேவலு அங்கனதேன் நிக்குது!" என்று அம்மா கத்தினாள்.

"நிக்கட்டும்" என்றார் அய்யா. "நீ வெரட்டு. அந்தச் சொல்லு வேணாம்."

சேவல் வேட்டிமேல் ஏறி வத்தலைக் கொத்திக்கொண்டிருந்தது. செவலை முற்றத்தின் நடுவில் நின்று அம்மாவைப் பார்த்தது. அம்மாவின் உதடு குவிந்தது. "ச்" வரை வந்துவிட்டது. செவலையின் காது நிமிர்ந்தது. மாமா கயிற்றை இறுக்கிப் பிடித்தார். அம்மா அந்த எழுத்தை அப்படியே முழுங்கினாள். கையைத் தட்டினாள்.

"போ... போ... போய்யா அங்கிட்டு."

சேவல் இறங்கிப் போனது, செவலையின் மூக்குக்கு நேராக. செவலை அதை மோந்து பார்த்தது. பிறகு நிழலைத் தேடிப் போய்ப் படுத்துக்கொண்டது.

அம்மா வேட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "நாஞ் சொன்னதத்தானே செஞ்சுருக்கு" என்றாள். "செஞ்சுபுட்டு எங்கிட்டயே கொண்டாந்து குடுத்துச்சு. நா வெளக்கமாத்தால அடிச்சேன்."

மாமா, "என்னக்கா, நாயி உண்டா இல்லையா? வண்டி நிக்கிது" என்றார்.

"ஒனக்கு நாயி கெடையாது. போயி வேற பாரு."

"சரி, ஒரு கோழியாச்சும் புடிச்சுக் குடு. வெறுங்கையோட போறேன்ல."

"அதுவுங் கெடையாது. மோர் இருக்கு, குடிச்சிட்டுப் போ."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கோழிக்குச் சூ கிடையாது. கையைத் தட்டிப் "போ போ" தான். சொல்லும்போது லேசு. வாய் பழக நாளாயிற்று. யாராவது உதட்டைக் குவித்தால் இன்னொருவர் ஓடிப்போய் வாயைப் பொத்துவோம். பேச்சியம்மா அத்தை வந்தால் வாசலிலேயே நினைவுபடுத்துவோம். "ஒங்க வீட்டுக்கு வாரதுக்கு வாயிலயும் ஒரு பூட்டு போட்டுக்கிட்டு வரணும்" என்பாள். குரங்கு வந்தால் மட்டும் சூ. அதையும் அண்ணன்தான் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது. சேவல் ஆடியில் ஒழுங்காகக் கருப்பிடம் போய்ச் சேர்ந்தது. செவலை கிழடாகி, பல் உதிர்ந்து, பஞ்சாரத்தில் சாய்ந்தபடியே ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. சூவை விட்ட நாளுக்கப்புறம் அந்த வீட்டில் ஒரு கோழிக்கும் பல் படவில்லை, செவலை இருந்த காலத்திலும் சரி, பிறகும் சரி.

இப்போது நான் ஒத்தக்கடையில் இருக்கிறேன். மாடி வீடு, வாடகை. அம்மாவும் என்னோடுதான். பழைய வீட்டு முற்றத்தில் வேறு ஒருவர் சிமெண்டு போட்டுக் கார் நிறுத்துகிறார். கீழ் வீட்டுப் பெண் ஒரு பெரிய நாய் வளர்க்கிறாள். போன மாதம் நாட்டுக்கோழியும் வாங்கி வந்தாள். இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று செல்போனில் பார்த்துவிட்டு என்னிடமும் கேட்டாள். கம்பி வலை கட்டச் சொல்லியிருக்கிறது, நாயைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கச் சொல்லியிருக்கிறது. எல்லாம் சரிதான். "கோழிய முடுக்க என்ன சொல்லுவ?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "கோழிக்கு என்ன சொல்லுவாங்க அக்கா? சூ தான்." நாயை ஏவ என்ன சொல்வாய் என்று கேட்டேன். அவள் சிரிப்பு நின்றது.

நேற்று மொட்டை மாடியில் அம்மா கூழ்வத்தல் ஊற்றியிருந்தாள். காக்கா ஒன்று வந்து இறங்கியது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையைத் தட்டினாள். "போ... போ." காக்கா போகவில்லை. மறுபடி தட்டினாள். உதடு குவிந்தது, பிறகு மூடிக்கொண்டது. அந்தச் சொல்லுக்குப் பாய்ந்து ஓட அந்த மாடியில் யாரும் இல்லை. ஆனாலும் எழுந்து போய்த்தான் விரட்டினாள்.