குவார்ட்டர்ஸ் பட்டியலும் டிபேஸும்

1. திங்கள்

1986 ஏப்ரல். தலைநகரின் ஆர்.கே.புரத்தில் எங்கள் மத்திய அரசு அலுவலகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்து மூன்று வாரம். அரசு குவார்ட்டர்ஸுக்குக் காத்திருந்த 412 ஊழியர்களின் பெயரை வெள்ளிக்கிழமை நோட்டீஸ் போர்டில் ஒட்டியாக வேண்டும். செக்ஷன் ஆபீசர் வெங்கடேசன், கும்பகோணத்துக்காரர், அவர்களுடைய விவரங்கள் அடங்கிய காகிதக் கட்டை என் மேஜையில் போட்டார்.

"வேர்ட்ஸ்டார்ல ஜல்தியா அடிச்சுக் குடும், ஓய்."

"டிபேஸ்ல ஏத்தறேன் சார். மேல இருக்கறவா எந்த வரிசையில கேப்பான்னு சொல்ல முடியாது."

"சொதப்பினீரோ, இந்தக் கம்ப்யூட்டர் பொட்டி மூணாவது மாடி செக்ஷனுக்குப் போயிடும். நீர் டெஸ்பாட்சுக்குப் போய் ஸ்டாம்ப் ஒட்டுவீர்."

வேர்ட்ஸ்டார் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் நல்ல தட்டச்சு இயந்திரம் மாதிரியான மென்பொருள். கடிதத்துக்கு அதைவிட வேறு வேண்டாம். ஆனால் அதற்குப் பெயரும் தேதியும் வெறும் எழுத்துகள். தகவல்களைச் சேர்த்து வைக்கும் டிபேஸில் பெயர், தேதி, வீட்டு வகை ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் உண்டு. எந்தக் கட்டத்தை வைத்தும் வரிசை மாற்றலாம்.

2. புதன்

மூன்று நாள் ஏற்றினேன். ஒரு தாள்கூட அச்சாகவில்லை. டைப்பிஸ்ட் கமலா விடவில்லை.

"எங்கிட்ட குடுத்திருந்தா நேத்தே முடிஞ்சிருக்கும். நீங்க என்ன பொட்டிக்குப் பூஜையா பண்றேள்?"

மாலை நான்கு மணிக்கு, பணியில் சேர்ந்த தேதிப்படி வரிசைப்படுத்திப் பார்த்தேன். 01-01-79இல் சேர்ந்தவர் முதலில் நின்றார். 15-03-61இல் சேர்ந்தவர் பாதிக்குக் கீழே கிடந்தார். சர்வீஸ் புக்கில் எழுதிய பழக்கத்தில் தேதியையும் எழுத்துக் கட்டத்தில் ஏற்றியிருந்தேன். அதனால் வருடத்தை விட்டுவிட்டு, முன்னால் நின்ற நாளைப் பார்த்து வரிசை போட்டிருக்கிறது. கையேட்டைப் புரட்டினேன். தேதிக்கென்றே ஒரு கட்டம் சேர்த்து, நாள், மாதம், வருடம் என்ற நம் முறையை அதற்குச் சொல்லி, 412 தேதிகளையும் ஒரே கட்டளையில் மாற்றினேன். 1961 மேலே ஏறியது.

3. வியாழன்

பகல் மூன்று மணி. ஜாயின்ட் செக்ரட்டரி எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"நாம் ஸே நஹி, தாரீக் ஸே பனாவோ. டைப் டூ அலக்." பெயர் வரிசை வேண்டாம், தேதி வரிசை வேண்டும், இரண்டாம் வகை வீடுகளுக்குத் தனிப் பட்டியல்.

கமலா டைப்ரைட்டர் மூடியைக் கழற்றத் தொடங்கினாள். வெங்கடேசன் என் மேஜைக்கு ஓடி வந்தார். "412 பேரையும் திரும்ப அடிக்கணுமா, ஓய்?"

நான் இரண்டு வரி கட்டளை கொடுத்தேன். பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு ஓடத் தொடங்கியது. டீ வருவதற்குள் இரண்டு பட்டியலும் தயார். ஜாயின்ட் செக்ரட்டரி பென்சிலால் பத்துப் பெயர்களைச் சரிபார்த்து, "அச்சா" என்று மெச்சிக் கையெழுத்திட்டார்.

வெள்ளிக்கிழமை பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஏறியது. வழக்கமாக அன்றே பத்து ஆட்சேப மனு வரும். இந்த முறை வரிசையைப் பற்றி ஒன்றுகூட வரவில்லை. அடுத்த வாரம் மூன்றாவது மாடிக்காரர்கள் கம்ப்யூட்டரைக் கேட்டு வந்தார்கள். வெங்கடேசன் எழுந்திருக்கவே இல்லை. "பொட்டி எங்கேயும் வராது. வேணும்னா உங்க பட்டியலை இங்கே கொண்டு வாங்கோ, எங்காள் போட்டுக் குடுப்பார்."

இன்று அலுவலகத்துக்கு மென்பொருள் தேர்ந்தெடுக்கும் இளைஞர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். எதில் வேகமாக அடிக்கலாம் என்று பார்க்காதீர்கள். அதே தாளை நாளை வேறு எப்படியெல்லாம் கேட்பார்கள் என்று யோசித்துவிட்டு, அப்புறம் முடிவு செய்யுங்கள்.