முப்பத்துமூன்று எண்ணுவதற்குள்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பார்சல் பிரிக்கவும் தோடம்பழம் உரிக்கவும் ஒரு சின்னப் பேனாக்கத்தி தெரிவு செய்ய மூன்று வாரம் செலவழித்தவன் நான். இணையத்தில் நாற்பது கத்திகளை அலசி, 7,800 ரூபாய்க்கு ஒன்றை வாங்கி, சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். இருபத்தெட்டுக் கிராம். சட்டைப் பையில் கனக்கிறது போலிருந்தது. அதைவிடச் சின்னதைத் தேட ஆரம்பித்தேன். "உங்களை நான் இந்தளவு விசாரித்திருந்தால் தப்பியிருப்பேன்" என்றாள் மனைவி.

இந்தப் பைத்தியத்தோடுதான் கொழும்பிலிருந்து கல்முனைக்குப் பஸ் ஏறினேன். காரியம் மருதமுனையில், நண்பனின் கடைக்குக் கைத்தறிச் சாரம், அதாவது லுங்கி, பார்த்து வரவேண்டும். சம்மாந்துறையில் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்றின் பின்னால் பஸ் இருபது நிமிடம் ஊர்ந்தது. கல்முனையில் இறங்கும்போது காலை 6.40.

9.15. தறிக்காரர் பத்து மணிக்குத்தான் வருவார் என்பதால் பஸாரில் ஒரு வலைச் சாமான் கடைக்குள் நுழைந்தேன். மேசையில் ஐந்து கத்திகள் பரப்பியிருந்தன. எதிரே நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர், முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பரீதா ராத்தா, ஊர் சாய்ந்தமருது என்று பிறகு தெரிந்தது; அங்கே அக்கா ராத்தா, அண்ணன் காக்கா.

"என்ன தம்பி தேவை?" என்றார் கடைக்கார ஹனீபா காக்கா.

என் கத்தியை எடுத்துக் காட்டி, "இதைவிடச் சின்னது இருக்கா?" என்றேன், பெருமையாக.

ராத்தா அதைப் பார்த்தார். "இப்பிடி ஒண்டுதான் எங்கட மச்சான்ட மடியிலயும் இரிந்த."

காக்கா குரலைத் தாழ்த்தி மீதியைச் சொன்னார். ராத்தாவின் கணவரும், அவரின் தம்பியான அந்த மச்சானும் ஒரே போட்டில் மீன்பிடித் தொழில் செய்தவர்கள். நாற்பது நாளைக்கு முன், கடலில் இறங்கி ஓடிக்கொண்டிருந்த வலை தம்பியின் காலில் சுற்றி இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவரை மையத்தாக, உயிரில்லாமல், கரை சேர்த்தபோது கத்தி சாரத்து மடியில் இருந்தது, மடித்தபடியே. நாளை விடிய, கணவர் கலீல் மறுபடி கடலுக்குப் போகிறார். பெரிய கத்தி வலையில் மாட்டும் என்று கொண்டுபோக மாட்டாராம்.

இந்த இடத்தில் எந்த மனிதனும் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்திருப்பான். நான், "இது ஒரு கையாலேயே திறக்கும், ராத்தா" என்றேன்.

"எங்க, தொறந்து காட்டுங்க."

இரண்டாவது முயற்சியில் திறந்தேன்.

"கை நனையட்டும். இடக் கை. வலக் கைய வல புடிச்சிரிக்கும்."

காக்கா என்னை ஒரு மரக் கதிரையில் உட்காரவைத்து, ராத்தா பையில் கொண்டுவந்த நைலோன் வலைத் துண்டைக் காலில் நான்கு சுற்றுச் சுற்றினார். வலது கையையும் சேர்த்துக் கட்டினார். இடது கையை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தார். ராத்தா விரல் கணுக்களில் எண்ணத் தொடங்கினார், தொழுகைக்குப் பிறகு திக்ர் எண்ணுவதைப் போல. முப்பத்துமூன்று வரைக்கும்தான். அதற்கு மேல் தண்ணீருக்குள் மனிசனால் மூச்சுப் பிடித்திருக்க முடியாது என்று கலீல் சொல்லியிருக்கிறாராம்.

நகம் வைத்துத் திறக்கும் அந்தக் கீறலை என் ஈர விரல் தேடியது. வழுக்கியது. பல்லால் கடித்தேன். கத்தி கீழே விழுந்தது.

"முப்பத்திமூணு" என்றார் ராத்தா. "நீங்க மௌத்து."

சிரிக்க வாயெடுத்தேன். காக்கா சிரிக்கவில்லை.

அடுத்தது சுருள்வில் வைத்த சிவப்புப் பிடிக் கத்தி, 850 ரூபாய். பட்டென்று திறந்து என் தொடையைத்தான் முதலில் அறுத்தது. காக்கா பிளாஸ்டர் ஒட்டினார், அதற்குக் காசு வாங்கவில்லை. மூன்றாவது மடக்கவே முடியாத கத்தி, 450 ரூபாய். என் நடுவிரல் நீளம், மொட்டை முனை, பிளாஸ்டிக் உறை.

"உப்புத் தண்ணியில அது கறள் புடிக்கும் ராத்தா" என்றார் காக்கா.

"கறளத் தீட்டலாம். கடலுக்க மடக்கினத ஆரு விரிச்சுத் தாற?"

உறையை என் சட்டை மார்பில் ஊசி குத்தி மாட்டச் சொன்னார். உருவினேன். இழுத்தேன். பதினெட்டில் வலை அறுந்தது. மறுபடி கட்டச் சொன்னார். பதினாறு. மறுபடி. மூன்றாம் தரம் முடிந்ததும் எண்ணிய விரல்களைப் பொத்திக்கொண்டார். பிறகு, "இது காணும் காக்கா, இதையே தாங்க" என்றார்.

தறிக்காரரிடம் நான் போனபோது மணி பதினொன்று. பிந்தியதற்குக் காரணம் கேட்டார். மௌத்தாகிப் போயிருந்தேன் என்று சொல்ல நினைத்து, பஸாரில் கத்தி பார்த்தேன் என்றேன்.

மறுநாள் காலை 6.10. ஊர் திரும்பும் எட்டு மணி பஸ்ஸுக்கு முன் முச்சக்கரவண்டியில் சாய்ந்தமருதுக் கரைக்குப் போனேன். ஆறேழு பேர் போட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கலீலை முகத்தால் எனக்குத் தெரியாது. சட்டை மார்பில் கறுப்பு நூலால் இறுக்கித் தைத்திருந்த உறையால் தெரிந்தது. அவர் பக்கத்தில் தம்பி நின்றிருக்கவேண்டிய இடத்தில் யாரோ கூலிக்கு வந்தவர். பெண்கள் கரைக்கு வந்து வழியனுப்பும் வழக்கம் அங்கே இல்லை. ராத்தா மட்டும் வீதியோரத்தில், ஒரு மதிலோடு ஒட்டி நின்றார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

கொழும்பில் நான் கத்தியின் நிறத்துக்காக இரண்டு நாள் யோசித்தவன். அந்தக் கத்தி எனக்கு எப்போதாவது வேண்டிவரும் என்று ஒரு நிமிடமும் யோசித்ததில்லை.

போட் முதல் அலையில் மூக்கைத் தூக்கி விழுந்தது. இரண்டாவதைத் தாண்டியது. ராத்தாவின் கட்டைவிரல் கணுக்களில் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் போலிருந்தது.

"பயப்படாதீங்க, ராத்தா. நானே பதினாறில் அறுத்தேனே."

அவர் கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க கதிரையில இருந்து அறுத்தீங்க, தம்பி."