தோற்காத அணியை விசாரித்தேன்

தேங்காயைக் குலுக்கிப் பார்க்காமல் நான் ஒருநாளும் வாங்கியதில்லை. குலுக்கிப் பார்த்து வாங்கியதையும் உடைக்கும்வரை நம்புவதில்லை. விமானப் பயணிகளுக்கான உணவுத்தட்டுகளைப் பரிசோதிப்பது என் வேலை. முள்ளுக்கரண்டி வைக்க மறந்த தட்டு, மூடி சரியாக ஒட்டாத தயிர் என்று எது குறைகிறது என்பதையே இருபது வருடமாகப் பார்த்துப் பார்த்துக் கண் அப்படிப் பழகிவிட்டது. "சூரியன் கிழக்கால வந்தாலும் உமக்குச் சந்தேகம்தான்" என்பார் என் கணவர். அதனால் மகளின் கொலிஜ் கூடைப்பந்து அணி ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் போய்க்கொண்டிருந்தபோது, மல்வேர்னில் எங்கள் வீட்டில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் துள்ளினார்கள். இதில் எங்கேயோ ஒரு பிழை இருக்கிறது என்று நான் நினைத்தேன்.

துள்ளிவிட்டுப் போகட்டும் என்று சும்மா இருந்திருப்பேன். ஆனால் தை மாதம் ஒரு சிக்கல் வந்தது. லீக்கில் வென்றால் அவர்கள் நாடளாவிய சுற்றுப்போட்டிக்குப் போவார்கள். அந்தப் போட்டி நடக்கும் வாரத்தில்தான் மகள் யூனியன்வில்லில் ஒரு கிளினிக்கில் பயிற்சி தொடங்க வேண்டும். இயன்மருத்துவ உதவியாளர் படிப்பில் அதுதான் அவளுக்குக் கடைசிப் படி. அந்த வாரம் போகாவிட்டால் இடம் வேறு ஆருக்கோ போய்விடும், அடுத்தது புரட்டாதியில்தான். கிளினிக்கா, போட்டியா? இருபத்தொரு வயதுப் பிள்ளை தானே முடிவெடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

"நீங்கள் ஓம் எண்டு சொன்னால்தான் போவன் அம்மா. இல்லையெண்டால் கிளினிக்" என்றாள்.

"பொறு. விசாரிச்சுச் சொல்லுறன்."

எங்கள் ஆட்களுக்கு விசாரிப்பது என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கலியாணப் பேச்சு வந்தால் மாப்பிள்ளையின் பெற்றோரிடம் நாங்கள் ஒன்றும் கேட்கமாட்டோம். அவர்கள் சொல்லப்போவது தெரிந்ததுதானே. பக்கத்து வீட்டில் கேட்போம், வேலை செய்யும் இடத்தில் கேட்போம், கோபதாபம் உள்ள உறவினர் ஒருவர் அகப்பட்டால் முதலில் அவரிடம்தான் போவோம். கேட்கப்பட்டவரும் கெட்டது சொல்லமாட்டார். "நல்ல பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே பனி கொட்டுகிறதா என்று பார்ப்பார். அவ்வளவுதான், அந்தச் சம்பந்தம் முடிந்துவிட்டது. அதே முறையில்தான் இந்த அணியையும் விசாரிக்கத் தொடங்கினேன்.

வேலை முடிந்து இரண்டு பஸ் மாறிப் போய், உடற்பயிற்சி மண்டபத்தில் எதிரணித் தாய்மாருக்கு நடுவில் உட்காருவேன். பள்ளிக்கூட நாளில் நான் வலைப்பந்து ஆடியவள். எதிரணியில் கூடைக்குப் போடுகிறவளை மறித்து நிற்பது என் இடம். அதனால் பந்து போகும் திசையை விட, பந்து இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன். கையில் ஒரு கொப்பி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம்.

உயரமான பிள்ளை கூடைக்குக் கீழே நின்றால் மதில்தான். ஆனால் மூன்றாவது கால்பகுதி முடியும்போது இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிவிடுவாள். தூரத்திலிருந்து போடுகிறவளுக்கு முதல் பந்து விழுந்தால் அன்று முழுக்க விழும். விழாவிட்டால், விழும் என்று காட்டுவதற்காகவே போட்டுக்கொண்டிருப்பாள். பயிற்றுநர் சிரித்த முகம். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை. ஒருமுறை மட்டும் ஆட்டம் நெருங்கி வந்தது. இடைநிறுத்தம் கேட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டார், எழுதும் பலகையை எடுத்தார். வரைவதற்கு ஒன்றும் வரவில்லைப்போலும், ஏற்கனவே வெறுமையாக இருந்த பலகையைத் துடைத்துத் துடைத்து நேரத்தைப் போக்கினார். அதை இரண்டு கோடு போட்டு எழுதி வைத்தேன்.

பிறகு அவர்கள் வென்ற அணிகள். ஓர் அணி ஆறு பேருடன் வந்தது. இரண்டு பேர் தவறுகள் கூடி வெளியே போக, கடைசியில் நான்கு பேர்தான் நின்றார்கள். அந்த வெற்றிக்கும் கேக் வெட்டினார்கள். ஓர் எதிரணித் தாயிடம் எங்கள் அணி எப்படி என்று மெதுவாகக் கேட்டேன். "நல்ல பிள்ளைகள், மரியாதையான பிள்ளைகள்" என்றாள் ஆங்கிலத்தில். உடனே கொப்பியைத் திறந்து அதையும் குறித்தேன். வாகனத் தரிப்பிடத்தில் கார்க் கண்ணாடியின் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்த நடுவரைப் பிடித்தேன். அவர்கள் மிகவும் உற்சாகமாக ஆடுகிறார்கள் என்றார். மண்டபத்துத் தரை துடைக்கும் மனிதர், தண்ணீர்ப் போத்தல்களைத் தாங்களே பொறுக்கி எடுத்துவிட்டுப் போகும் ஒரே அணி இதுதான் என்றார். மூன்று பேரில் ஒருவராவது இவர்கள் நன்றாக விளையாடுகிறார்கள் என்று சொல்லவில்லை. ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது இதுதான் என்று முடிவு கட்டினேன்.

மாசிக் கடைசியில் அவர்கள் லீக்கை வென்றார்கள். பயிற்றுநர் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டார். என் பதில் ஆயத்தமாக இருந்தது. போனால் முதல் ஆட்டத்திலேயே உதை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள், அதற்காகப் பயிற்சி இடத்தை விடுவது மடத்தனம். ஞாயிற்றுக்கிழமை கொப்பியோடு இருத்திச் சொல்லலாம் என்றிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்காபரோவில் ஒரு ஹோலில், பெரியவளான ஒரு பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு. சாப்பாட்டு மேசையில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முன்பின் தெரியாதவர். ஒரு வடை முடியவில்லை, தொடங்கிவிட்டார்.

"தங்கச்சி, உங்கட மகள் பந்து விளையாடுறவவாம். உண்மையோ?"

"ஓம் அக்கா."

"நல்ல உயரமோ?"

எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. முதல் வடையோடு உயரம் கேட்கிறவருக்கு வீட்டில் ஒரு மகன் இருக்கிறான் என்று அர்த்தம். "உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?" என்று கேட்டேன்.

"ஒருத்தன்தான். கிழக்குக் கரையில ஒரு கொலிஜில வேலை" என்று போனில் படம் காட்டினார். தாடி வைத்த உயரமான பிள்ளை. கழுத்தில் ஒரு கறுப்பு நாடா, வேலையிட அட்டையாக்கும் என்று நினைத்தேன். பிடித்தேன் பார், என்று உள்ளுக்குள் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மகளுக்கு இப்போது கலியாணம் பேசும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் வந்த சம்பந்தத்தை வேண்டாம் என்பது வேறு, விசாரிக்கிறவரிடம் பெற்ற பிள்ளையைக் குறைத்துச் சொல்வது வேறு. எந்தத் தாயும் அதைச் செய்யமாட்டாள்.

"பிள்ளைக்குக் கோபம் வருமோ?"

"சீச்சீ. ஒருத்தரோடயும் முட்டமாட்டாள் அக்கா. ஆரும் குறுக்க வந்தால் தான் விலகிப் போயிடுவாள்."

"விளையாடுற பிள்ளையள், முழங்கால் நோ கிழங்கால் நோ ஒண்டும் இல்லையோ?"

"ஒண்டுமில்லை."

"இடக்கைப் பழக்கமோ?"

எனக்குச் சுருக்கென்றது. அதைக் குறையாகப் பார்க்கிறவர்கள் எங்களுக்குள் இன்னும் இருக்கிறார்கள். "ஐயோ இல்லை அக்கா! எல்லாம் வலக்கைதான். இடக்கையால ஒரு அலுவலும் பாக்கமாட்டாள். பந்தைக்கூட அந்தக் கையால உருட்ட வராது" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு போனில் ஏதோ தட்டினார். சாதகக் குறிப்பு எழுதுகிறார் என்று நினைத்தேன். ஆனால் நட்சத்திரத்தை மட்டும் அவர் கேட்கவே இல்லை. ஊரையெல்லாம் சந்தேகிக்கிற எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கொப்பியை விரித்துவைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டேன். தீர்ப்பைச் சொல்லத் தொடங்க முன்னமே, "அம்மா, நேத்துக் காலமையே அட்டவணை வந்திட்டுதாம். எங்கட முதல் கேம் ஆரோடயெண்டு பாருங்கோ" என்று போனை நீட்டினாள். கிழக்குக் கரையில் ஒரு கொலிஜ். விரலால் தள்ளித் தள்ளி வீராங்கனைகளைக் காட்டிக்கொண்டு போனவள், "அவைக்குத் தமிழ்க் கோச் ஒராள், அசிஸ்ரன்ற்" என்றாள். அதே தாடி. அதே கறுப்பு நாடா. இந்தப் படத்தில் நாடாவின் நுனியில் விசில் தொங்கியது.

நுணலும் தன் வாயால் கெடும். இரண்டு மாதமாக நான் செய்த அதே வேலையை அந்த அம்மா ஒரு வடைக்குள் முடித்துவிட்டுப் போயிருந்தார். அதுவும் நல்ல பிள்ளை என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாத முட்டாள் ஒருத்தியிடம்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது குற்ற உணர்வு இல்லை. தப்பிக்க வழி இருக்கிறது என்ற நினைப்புத்தான். போகவேண்டாம் என்று எப்படியும் சொல்லப்போகிறேன். அவள் போகாவிட்டால் நான் உளறியது ஆருக்கும் தெரியவராது. கொப்பியும் என் பக்கம்தான் இருக்கிறது. அவள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காதுக்குப் பின்னால் ஒதுக்கிய மயிர் திரும்பத் திரும்ப முன்னால் விழுந்தது. அந்த முகத்துக்கு முன்னால் என்னால் அதைச் செய்ய முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கொப்பியைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள்.

"என்ர பக்கம் எங்க?"

இருக்கவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. எல்லாரையும் குறித்தவள் அவளைக் குறிக்கவே இல்லை.

"பந்தை முன்னுக்குக் கொண்டுபோறதே நான்தானேம்மா. என்ர லெஃப்ற் வீக் எண்டு எங்கட ரீம் முழுக்கத் தெரியும். அதை நீங்கள் கொப்பியில எழுதேல்லை, அந்த அன்ரிக்குச் சொல்லியிருக்கிறியள்." பிறகு குரலை இறக்கிக் கேட்டாள். "ஆரும் குறுக்க வந்தால் நான் விலகிப் போறனானோ? அப்பிடியோ என்னைப் பாத்தனீங்கள்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை ஆட்டத்துக்கும் போயிருக்கிறேன். பந்து இல்லாமல் நின்றவர்களையெல்லாம் பார்த்திருக்கிறேன். அவள் முட்டுகிறவளா விலகுகிறவளா என்று யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மாமியார்மாருக்குச் சொல்லும் பாடத்தை ஒப்புவித்திருக்கிறேன்.

அவள் எழுந்து பந்தை எடுத்தாள். "சப்பாத்தைப் போடுங்கோ. வாங்கோ."

எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் பள்ளிக்கூடத்துக் கூடை இருக்கிறது. ஓரத்தில் பனியைக் குவித்திருந்தார்கள், நடுவில் தரை ஈரமாகக் கிடந்தது. பனிச் சப்பாத்தோடு நான் போய் அவளுக்கு எதிரே மூன்றடி தள்ளி நின்றேன். வலைப்பந்தில் அதுதான் சட்டம்.

"கிட்ட வாங்கோ அம்மா. அவை அப்பிடித் தள்ளி நிக்கமாட்டினம். வலப்பக்கத்தை மறியுங்கோ."

மறித்தேன். இடக்கைக்கு மாற்றினாள், பந்து காலில் பட்டுப் பனிக் குவியலுக்குள் போனது. எடுத்து வந்தாள். மறுபடியும் போனது. எத்தனை தரம் என்று எண்ணவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது, அவள் நிறுத்துவதாக இல்லை. கடைசியில் இடப்பக்கமாக வந்தவள் தோளை என் நெஞ்சில் கொடுத்துத் தள்ளிக்கொண்டு போனாள். நான் பனியில் குந்திவிட்டேன். அவள் திரும்பிப் பார்க்காமல் பந்தைக் கூடைக்குப் போட்டாள். விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது.

குந்திய இடத்திலிருந்தே சொன்னேன். இனி ஒளிப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. "பிள்ளை, நீங்கள் முதல் மட்ச்சிலயே தோத்துப்போவியள்."

"தெரியும் அம்மா. ரீமில எல்லாருக்கும் தெரியும். கோச்சுக்கும் தெரியும்."

"பிறகேன் போறியள்?"

"எங்களைவிட நல்லா விளையாடுற ஆக்களோட நாங்கள் ஒருக்காவும் விளையாடேல்லையே. நாங்கள் எவ்வளவு எண்டு எங்களுக்கே தெரியாது. அதைப் பாக்கத்தான் போறம்."

எதிரணித் தாய், நடுவர், தரை துடைக்கிறவர் என்று எல்லாரிடமும் கேட்டிருந்தேன். இந்தப் பிள்ளைகளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஓம், போ. கிளினிக்கைப் புரட்டாதியில பாப்பம்" என்றேன்.

அவள் என்னை எழுப்பிவிட்டு, முகத்தை உற்றுப் பார்த்தாள். "உண்மையாவோ? பிறகு மாறமாட்டியளே?" "அப்பா சொல்லச் சொன்னவரோ, நான் விழுத்தினதுக்காகச் சொல்லுறியளோ?" என்று தோண்டித் தோண்டிக் கேட்டாள். நான் சொன்ன ஓமை அவள் நம்பவில்லை. ஆரிடமிருந்து பழகினாள் என்று எனக்குத் தெரியும். அது விழுந்த இடத்தை விட நொந்தது. போனை அவளிடமிருந்து வாங்கி, பயிற்றுநருக்கு என் மகள் வருகிறாள் என்று விறைத்த விரலால் நானே எழுதி, அவள் பார்த்துக்கொண்டிருக்க அனுப்பினேன்.