சித்தப்பா ஊட்டிய காய்

எனக்கு ஏழு வயது நடந்த ஓர் ஆனி மாதத்தில் நான் தின்ற காய்களை ஓரிடத்தில் குவித்திருந்தால் தென்காசிச் சந்தையில் தனியாக ஒரு கடை போட்டிருக்கலாம். அத்தனையும் என் பங்கு என்று நினைத்துவிட வேண்டாம். பாதிக்கு மேல் என் சித்தப்பாவுடையது.

சித்தப்பா அப்பாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். முப்பத்திரண்டு வயது, முறுக்கிய மீசை, ஊரே திரும்பிப் பார்க்கிற சத்தத்தோடு ஒரு பைக். ஆனால் தட்டில் ஒரு வெண்டைக்காயைக் கண்டுவிட்டால் போதும், அந்த மீசை அப்படியே தொங்கிப்போகும். எங்களுடையதோ சைவ வீடு. கறியும் கிடையாது, மீனும் கிடையாது, காயும் இறங்காது என்றால் ஒரு மனிதன் எதைத்தான் தின்பான்? ரசம், தயிர், அப்பளம், உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கு காயில் சேர்த்தி இல்லை என்று அவராகவே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார். சாம்பார் ஊற்றினால், போனுக்குள்ளிருந்து பொடி ஸ்குரூவைப் பொறுக்குகிற அதே கவனத்தோடு காய்த் துண்டுகளைப் பொறுக்கித் தட்டோரம் வரிசையாக அடுக்குவார். அப்பா ஏசிப் பார்த்தார். அம்மா கெஞ்சிப் பார்த்தாள். "வாயில வச்சா கொமட்டுது மதினி, நான் என்ன செய்ய?" என்பார் பாவமாக.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மாமனார் காய்கறி விவசாயி. வீரகேரளம்புதூர்ப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் கத்தரி, வெண்டை, அவரை, முருங்கை எல்லாம் போட்டிருந்தார். பெண் பார்க்கப் போன அன்று அவர் மாப்பிள்ளையின் படிப்பையோ கடையையோ பற்றித் துருவவே இல்லை. மடியில் உட்கார்ந்திருந்த பேரப்பிள்ளையை இறக்கி விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மாப்பிள்ளைக்கு என்ன காய் இஷ்டம்?"

அப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். அம்மாதான் வாயைத் திறந்தாள்.

"எங்க கொழுந்தனுக்கா? எதப் போட்டாலும் திம்பாக. ஒதுக்குற பழக்கமே கெடையாது."

அந்த மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணம் அந்த ஒரு வார்த்தையில் முடிவானது. சித்தப்பா பாதிக் காபியோடு டம்ளரைக் கீழே வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வைகாசிக் கடைசியில் கல்யாணம். கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைத்துச் சொதிச் சாப்பாடு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தேங்காய்ப் பாலில் கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், பட்டாணி என்று போட்டு, பாசிப்பருப்பும் எலுமிச்சையும் சேர்த்துச் செய்கிற குழம்புதான் சொதி. மாப்பிள்ளைச் சொதி என்றே அதற்குப் பெயர். மாப்பிள்ளை அதை ஒதுக்கினால் பெண்ணையே ஒதுக்கின மாதிரி. போதாததற்கு, காய் முழுக்க மாமனார் தன் கையால் பறித்து வந்தது. அம்மாவின் பொய் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் சந்தி சிரிக்கப் போகிறது என்று வீட்டில் எல்லோரும் கூடிக் கூடிப் பேசினார்கள்.

யோசனை சொன்னவர் அப்பா. பெரியவர்கள் ஒருவர் இலையிலிருந்து இன்னொருவர் இலைக்கு எதையும் மாற்ற முடியாது, எச்சில். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஊட்டினால் யார் என்ன சொல்ல முடியும்? கண்டதையும் தின்கிற பிள்ளை என்று தெருவில் பேரெடுத்த நான் கைவசம் இருந்தேன். அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏட்டி, சித்தப்பா எதத் தந்தாலும் வாயத் தொறந்து வாங்கிக்கிடணும். ஏன் எதுக்குன்னு கேக்கப்படாது. வெளிய மூச்சு விடப்படாது" என்றார்.

பந்தியில் சித்தப்பாவுக்கு வலப்பக்கம் புதுச் சித்தி, இடப்பக்கம் நான். சொதி வந்தது. சித்தப்பா ஒரு பீன்ஸ் துண்டை எடுத்து, "எம் பிள்ளைக்கு ஊட்டாம எனக்கு எறங்காது" என்று என் வாயில் வைத்தார். பிறகு கேரட். பிறகு பட்டாணி. முருங்கைக்காயைக்கூடப் பிளந்து, சதையை வழித்து ஊட்டினார். அவர் இலையில் வெறும் பால்குழம்பும் சோறும் மிஞ்சின. பெண் வீட்டுப் பெண்களுக்கு மனம் உருகிவிட்டது. "மாப்பிள்ளைக்குப் பிள்ளையன்னா உசுருல்லா!" என்று சித்தியின் பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமனார் தாமே வந்து மாப்பிள்ளைக்கு இன்னும் இரண்டு கரண்டி காய் வைத்துவிட்டுப் போனார். அதுவும் எனக்குத்தான் வந்தது.

அதற்குப் பிறகு விருந்து, விருந்து, விருந்து. சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றிலும் புதுமணத் தம்பதியோடு நானும் போனேன். புதுமாப்பிள்ளை போகிற இடமெல்லாம் அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு அலைவதைப் பார்த்து ஊர் மெச்சியது. எனக்கோ நிலத்தில் கால் பாவவில்லை. அந்த ஆனியில் தென்காசி முழுக்கச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மலை தெரியும், கொஞ்ச நேரத்தில் தெரியாது. துணி காயாத வாடையும் ஈர மண்ணின் வாடையும் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த மங்கல் வெளிச்சத்தில் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து நான் கண்ணை மூடிக்கொள்வேன். வாயில் வருவது என்ன காய் என்று பார்க்காமலே கண்டுபிடிக்க வேண்டும். அது எங்கள் இருவருக்கும் மட்டுமேயான விளையாட்டு. வழுவழுவென்றால் வெண்டை. நாக்கில் லேசாக அரித்தால் சேனை. அரைத் தூக்கத்தில் இருப்பது போல, மூடிய கண்ணுக்குள் பச்சையும் மஞ்சளுமாக ஏதோ மிதக்க, சொல்லிக்கொண்டே இருப்பேன். உலகத்தில் என்னைவிட வேண்டப்பட்டவள் யாரும் இல்லை என்று அப்போது நம்பினேன்.

சித்தியை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் கருமி. வீட்டில் பரிமாறும் வேலையை வந்த வாரமே அவள் எடுத்துக்கொண்டாள். எல்லார் தட்டிலும் காய் வைப்பாள். சித்தப்பா தட்டில் குவிப்பாள். என் தட்டுக்கு வந்ததும் கரண்டி தாண்டிப் போய்விடும். சோறும் குழம்பும்தான். அவள் அப்பா வீட்டிலிருந்து வாரம் தவறாமல் ஒரு சாக்குக் காய் வந்து இறங்கும்போதும் இதே கதை. "நம்ம வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கத்தரிக்காய் வைக்க அவளுக்கு மனசு வரலியே" என்று பெரிய மனுஷி போல அம்மாவிடம் போய்ப் புகார் சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

இன்னொரு பழக்கமும் சித்தியிடம் இருந்தது. அடுப்பில் காய் வேகும்போது ஒரே ஒரு துண்டைக் கரண்டி நுனியில் எடுத்து ஊதிக்கொண்டே சித்தப்பாவிடம் வருவாள். "இந்த ஊர்த் தண்ணிக்கு வேக்காடு பிடிபட மாட்டேங்கு. வெந்திருக்கா, ஒரு துண்டு பாத்துச் சொல்லுங்களேன்." தின்னுங்கள் என்று சொல்லியிருந்தால் அவர் ஓடியிருப்பார். கேட்டது உதவி. ரிப்பேருக்கு வந்த பொருளைப் பார்ப்பது மாதிரி அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கண்ணை இறுக்கி மூடி வாயில் போட்டுக்கொள்வார். "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்பார். மறுநாள் "சரியா இருக்கு" என்பார். அதற்கு மறுநாள், "உப்பு கொஞ்சம் தூக்கலோ? இன்னொண்ணு குடு, பாப்போம்" என்றார். நான் வாசற்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆனால் காய்கள் ஒவ்வொன்றாக என்னை விட்டுப் போக ஆரம்பித்தன. ஒரு செவ்வாய்க்கிழமை கேரட் எனக்கு வரவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அந்த வாரக் கடைசியில் பீன்ஸ் நின்றது. அப்புறம் அவரை. கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிற நேரம் நீண்டுகொண்டே போனது. கடைசியில் முருங்கைக்காய் ஒன்றுதான் எனக்கு மிச்சம் இருந்தது. மாமனார் வீட்டுச் சாக்கில் முருங்கைக்காய் இருக்கிறதா என்று நான் முதலிலேயே கையை விட்டுத் துழாவிப் பார்ப்பேன். இருந்தால் அன்றைக்கு நிம்மதி.

அந்த மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குற்றாலத்துக்குப் போனோம். ஐந்தருவியில் நல்ல தண்ணீர். பெண்கள் பக்கத்தில் அம்மாவும் சித்தியும் ஆளுக்கொரு கையாக என்னைப் பிடித்துக்கொள்ள, தலையில் தண்ணீர் விழுந்ததும் எனக்கு உலகம் வெள்ளையாகிவிட்டது. வெளியே வந்த பிறகும் காதுக்குள் அருவி விழுந்துகொண்டே இருந்தது. எல்லாருக்கும் பல் தந்தியடித்தது, பசி வயிற்றைக் கிள்ளியது. அப்பாவுக்குத் தெரிந்தவர் தோப்பு அங்கேதான் இருந்தது. பம்புசெட் அறையின் முன்னால் தகரக் கொட்டகையில் உட்கார்ந்தோம். சித்தி மூன்று கல்லைக் கூட்டி, வீட்டிலேயே பாதி சமைத்துக் கொண்டுவந்த சொதியைச் சூடாக்கினாள். தனியே கொண்டுவந்திருந்த தலைப்பாலை, அதுதான் தேங்காயின் முதல் பால், கடைசியாக ஊற்றினாள். தகரத்தில் சாரல் பொடிப்பொடியாக விழுந்தது. இஞ்சியும் தேங்காய்ப் பாலும் கலந்த மணம் ஈரக் காற்றில் நகராமல் அப்படியே நின்றது.

இலை போட்டார்கள். சித்தி சொதிச் சட்டியோடு வந்தாள். முதல் கரண்டி காயை என் இலையில் வைத்தாள். நிறைய. இரண்டு முருங்கைக்காய்த் துண்டும் வைத்தாள். அவளுக்குத் திடீரென்று என்ன தாராளம் வந்துவிட்டது என்று எனக்குப் புரியவில்லை. என் இலையை நான் தொடவும் இல்லை. வழக்கம்போல் சித்தப்பா பக்கம் திரும்பி, கண்ணை மூடி, வாயைத் திறந்தேன்.

ஒன்றும் வரவில்லை.

தகரத்தில் சாரல் விழுகிற சத்தம். தொலைவில் அருவிச் சத்தம். வாய் வலித்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன். சித்தப்பா ஒரு முருங்கைக்காய்த் துண்டைப் பல்லிடையில் வைத்து இழுத்துச் சப்பிக்கொண்டிருந்தார். இப்போது கண்ணை மூடியிருந்தது அவர். முகத்தில் கோணல் இல்லை. மீசையில் தேங்காய்ப் பால். கண்ணைத் திறக்காமலே, "இன்னும் ரெண்டு முருங்கைக்காய் போடு" என்றார் சித்தியிடம்.

என்னைப் பார்க்கக்கூட இல்லையே! அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அடக்க முடியாமல் கத்திவிட்டேன்.

"சித்தி, இவுக பொய்யி! சித்தப்பா காயே திங்க மாட்டாக! சொதி அன்னைக்கு எல்லாத்தையும் நாந்தான் தின்னேன்! அம்மா ஒங்கப்பாகிட்டச் சொன்னது பூராவும் பொய்யி!"

அம்மா கையில் இருந்த அப்பளம் நொறுங்கியது. அப்பா காலண்டர் எதுவும் அகப்படாமல் தென்னை மரத்தைப் பார்த்தார். சித்தப்பாவின் முகம் காது வரைக்கும் சிவந்துபோனது. சித்தி கரண்டியோடு நின்றாள். பிறகு கண்களை அகல விரித்தாள்.

"அப்படியாட்டீ? எனக்குத் தெரியவே தெரியாதே!"

அவ்வளவுதான். சித்தப்பா இலையில் இரண்டு முருங்கைக்காய் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் அடுத்த இலைக்குப் போய்விட்டாள். அம்மாவின் மூச்சு திரும்பியது எனக்கே கேட்டது. ஆனால் சித்தப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்கிற குறுகுறுப்பு பல வருஷம் எனக்குள் இருந்தது. போன மாதம் சித்தி சென்னையில் என் வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சொதி அன்னைக்கே தெரியும்ட்டீ. பக்கத்துலதான உக்காந்திருக்கேன், எனக்குக் கண்ணு தெரியாதா? ரெண்டாளு பங்கு ஒரு பிள்ள வயித்துல போனா என்னத்துக்கு ஆகும்? அதான் ஒந் தட்டுல நான் காய் வைக்கவே மாட்டேன்."

அவளைக் கருமி என்று நினைத்த அத்தனை நாளும் அவள் என் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றைக்கு என் இலையை முதலில் நிறைத்தாளே, சித்தப்பாவின் பங்கு இனிமேல் என்னிடம் வராது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியாது. நானும் கொஞ்சம் கீரையை எடுத்து அவளோடு ஆய ஆரம்பித்தேன்.

அன்றைக்கு அந்தக் கொட்டகையில் நான் இன்னும் தேம்பிக்கொண்டிருந்தேன். சித்தப்பா தன் இலையைத் துழாவினார். அப்புறம் இருந்ததிலேயே நல்ல சதைப்பற்றான முருங்கைக்காய்த் துண்டை எடுத்தார். பிளந்தார். சதையை வழித்தார். "கண்ண மூடுட்டீ" என்றார்.

அதுவரை அவர் எனக்கு ஊட்டியதெல்லாம் அவருக்கு வேண்டாதது. அன்றுதான் முதல்முதலாகத் தான் ஆசைப்பட்டதை எடுத்து ஊட்டினார். ஏழு வயதில் அது எனக்கு எங்கே தெரியப்போகிறது? சித்தப்பாவுக்கு மறுபடியும் முருங்கைக்காய் பிடிக்காமல் போய்விட்டது, நான் மறுபடியும் வேண்டப்பட்டவளாகிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கண்ணீரும் தேங்காய்ப் பாலும் கலந்த அந்தச் சதையை மென்று விழுங்கினேன். கண்ணைத் திறக்காமலே, அடுத்ததற்காக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.