படி இறங்க மறுத்த சுண்ணாம்புக்கார பாய்

சிதம்பரம் ஸ்டேஷனில் இறங்கி, சுண்ணாம்புக்கார பாய் வீடு என்று சொன்னால் போதும். ஜட்காக்காரன் மறுகேள்வி கேட்காமல் குலாம் முகம்மது வாசலில் கொண்டுவந்து விடுவான். அந்தப் பெயர் சும்மாவா வந்தது? பரங்கிப்பேட்டைக் கழிமுகத்தில் முழங்கால் சேற்றில் நின்று கிளிஞ்சல் வாரி, காளவாயில் சுட்டு, மாட்டுவண்டியில் கடலூர் வரைக்கும் கொண்டுபோய் விற்ற மனுஷர். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. நிறையப் படித்தவர்கள் அவர் வீட்டுக்கு எதிரே வாடகைக்குக் குடியிருந்தார்கள். அவரோ மெத்தை வீடு கட்டினார். அந்தச் சுவரைக் கையால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளை ஒட்டாது. அப்படிச் சுண்ணாம்பு சுட இன்றைக்கு ஆள் கிடையாது.

மூத்த மகன் பினாங்கில் காய்ச்சலில் போய்விட்டான். அவன் மனைவி மலிகாவும் அவள் ஒரே பெண்ணும் பாயின் நிழலில் இருந்தார்கள். இளையவன் அப்துல் ஹக்குக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. தான் கண்ணை மூடினால் இரண்டு பேரையும் தெருவில் விட்டுவிடுவான் என்பது பாய்க்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில் ஒருநாள், பத்திரம் எழுதும் உத்திராபதியைக் கூப்பிட்டார்.

“உங்க சட்டப்படி ஒரு மவன் உசுரோட இருந்தா, செத்த மவன் புள்ளைக்குப் பங்கு கெடையாது பாய். மருமவளுக்கும் கெடையாது. உங்க காலத்துலயே வீட்டை மலிகாவுக்குத் தானமாக் குடுத்துடுங்க.”

“எழுது. யாரு வேணாங்குறா?”

“எழுதுனா மட்டும் பத்தாது. கைமாத்தணும். நாளைக்குக் கோர்ட்டுல எவனும் வாயத் தொறக்கக் கூடாதுன்னா, பொட்டி படுக்கையோட வெளிய வந்து, நாலு பேரு முன்னால சாவிய அது கையில குடுங்க. அப்பறம் அது கூப்புட்டா உள்ள போய் இருந்துக்குங்க.”

பாய்க்கு முகம் சிவந்தது. “என் வூட்டுக்கு நான் விருந்தாளியா? ஓய், இந்தச் செவுத்துல ஒவ்வொரு கரண்டியும் நான் பூசுனது. மய்யத்தாத்தான் என்னை வெளிய தூக்கணும்!”

“மய்யத்து எப்படி சாவி குடுக்கும், பாய்?”

“கொழுப்புய்யா உனக்கு. எழுந்து போ.”

மலிகா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள். “ஒரு பொழுது எறங்கி ஏறுனா என்னா மாமா?” நோன்பு முடியட்டும் என்றார் பாய். அப்புறம் மழை விடட்டும் என்றார்.

அடுத்த வருஷம் நெஞ்சு அடைத்துக்கொண்டது. அத்தனை வருஷத்துச் சுண்ணாம்புப் புகையும் உள்ளே உட்கார்ந்திருந்தது. கால் வீங்கியது. கடலூர் டாக்டர் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று பாய்க்குத் தெரியாதா?

“கட்டில வெளிய தூக்குங்கடா,” என்றார்.

பாயோடு கட்டிலும், பெட்டியும் படுக்கையும் தெருவுக்கு வந்தன. ஆள்விட்டு வரவழைத்த உத்திராபதி எழுதிய பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, நாலு பேர் பார்க்கச் சாவியை மலிகாவிடம் கொடுத்தார். உத்திராபதி குனிந்து காதோடு சொன்னார்: “பாய், மனசுல வெச்சிக்காதீங்க. சாவு நோயில குடுத்தா மூணுல ஒரு பங்குதான் செல்லும்.”

“எவன்டா சொன்னான் இது சாவு நோயின்னு?”

காலைத் தரையில் ஊன்றினார். பிடிக்க வந்த மலிகாவின் கையைத் தட்டிவிட்டார். “கலியமூர்த்தி கடையில டீ குடிச்சிட்டு வர்றேன். எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க. நாளைக்கி சாட்சி சொல்லணும்.”

“அத்தா, வுழுந்துடப் போறீங்க,” என்றான் அப்துல் ஹக், இருந்த இடத்தை விட்டு அசையாமல்.

“நீ ஒதுங்குடா.”

தெரு முழுக்க நின்று பார்த்தது. வீங்கிய கால் மண்ணில் தேய்ந்தது. மூச்சு விசில் அடித்தது. ஆனாலும் பாய் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். பாதி டீ உள்ளே போனது. திரும்ப எழுந்திருக்க முடியவில்லை. பெஞ்சோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமையைப் பாய் பார்க்கவில்லை.

தானம் செல்லாது என்று அப்துல் ஹக் வழக்குப் போட்டான். பாய் தன் காலால் நடந்து வந்து டீ குடித்தார் என்று கலியமூர்த்தி கடலூர் கோர்ட்டில் சத்தியமாகச் சொன்னான். அந்த வாரமே செத்தாரா என்று அப்துல் ஹக்கின் வக்கீல் கேட்டார். ஆமாம் என்றான். வேறென்ன சொல்வான்?

மலிகாவுக்கு வீட்டில் மூன்றில் ஒரு பங்குதான் நின்றது. அப்துல் ஹக் நடுவில் சுவர் எழுப்பினான். கிணறு அவன் பக்கம் போய்விட்டது. மலிகா தெருக்குழாயில் குடத்தோடு நின்றாள், பின்னால் அவள் மகள்.