அணைக்க மறந்த ஈர்ப்பு

அந்த ஆய்வு நிலையத்தில் எல்லோரும் அவரைக் கழித்தல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யாருடைய கணக்கிலாவது ஒரு கழித்தல் குறி வழியில் தொலைந்து போயிருந்தால் அதைத் தேடி எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். ஆய்வு என்றதும் குடுவைகளையும் கருவிகளையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நீளமான நடைவழி, இரண்டு பக்கமும் அறைகள், அறைக்கு ஒரு கரும்பலகை, முனையில் பாதி நாள் வேலை செய்யாத காபி இயந்திரம். அங்கே இருந்தவர்கள் கருந்துளைகளைப் பற்றிக் காகிதத்தில் யோசிப்பவர்கள். தொலைநோக்கிக்காரர்கள் இருந்தது வேறு கட்டடத்தில்.

அக்கா அதற்கு முன் பல வருடம் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அதற்குப் பிறகுதான் விட்ட படிப்பை எடுத்துத் தொடர்ந்தார். அவர் வயதுக்காரர்கள் நிரந்தர வேலையில் உட்கார்ந்துவிட்டபோது அவர் இன்னும் தற்காலிகப் பதவியிலேயே இருந்தார். அதுவும் அந்தக் கோடையோடு முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்பது குழு எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரை எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்தது என்று குழுத் தலைவர் மறைக்காமல் சொல்லியிருந்தார்.

கட்டுரையின் கேள்வியைச் சொல்வது எளிது. கருந்துளை மிக மெல்ல வெப்பத்தைக் கசியவிட்டுக் கரைகிறது. உள்ளே விழுந்ததைப் பற்றிய விவரம் அந்த வெப்பத்தோடு வெளியே வருகிறதா, அடியோடு அழிந்துபோகிறதா? இதைக் கணக்கிட, கருந்துளை இருக்கும் வெளியின் விளிம்பில் ஒரு தொட்டியை ஒட்டவைப்பார்கள். எல்லாம் காகிதத்தில்தான். கசியும் வெப்பம் தொட்டியில் போய்ச் சேரும். அந்த வெப்பம் கருந்துளையோடு எவ்வளவு பின்னிக்கிடக்கிறது என்று நேரம் போகப்போகக் கோடு வரைவார்கள். கோடு முதலில் ஏறி, ஓரிடத்தில் திரும்பி, இறங்க வேண்டும். இறங்கினால் விவரம் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய கணக்கு எதையும் இரண்டு பேர் தனித்தனி அறையில் போடுவார்கள். நடுவில் ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது. கடைசிக் கோட்டை மட்டும் ஒப்பிட வேண்டும். இந்த முறை ஒருவர் அக்கா. இன்னொருவர் எதிரறையில் இருந்த, அவரைவிடச் சின்னவரான, அக்கா ‘தம்பி’ என்றே கூப்பிடும் ஆராய்ச்சியாளர்.

தம்பியின் கோடு ஒரு குன்றுபோல ஏறி இறங்கியது. அக்காவின் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

“என்னக்கா, ஸ்கேல் வச்சு ஒரு கோடு போட்டுக் கொண்டுவந்துட்டீங்க?”

“அப்படித்தான் வருது.”

“ஏறவே இல்லையே!”

“ஏறல. இறங்கவும் இல்ல.”

“கழித்தல் அக்காவுக்கே கழித்தல் தொலைஞ்சுபோச்சா? வெளியில போர்டு மாட்டிடலாமா?”

“மாட்டு, மாட்டு. எங்க தொலைச்சேன்னு பாத்துட்டு வரேன்.”

கழித்தல் குறி எதுவும் தொலையவில்லை. ஒவ்வொரு வரியாகப் பின்னால் போனவர், கடைசியில் முதல் தாளில் போய் நின்றார். மற்றவர்கள் பழைய கட்டுரையிலிருந்து முதல் தாளை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். அதில் முதல் வரியே, தொட்டிக்குள் ஈர்ப்பு பூஜ்யம் என்பதுதான். ஈர்ப்பு இருந்தால் அங்கே வெளியும் நேரமும்கூட நிலையாக நிற்காது, எதையும் எண்ண முடியாது. அதனால் அந்தத் துறையில் எல்லோரும் அதை அணைத்துவிட்டே தொடங்குவார்கள். யாருடைய முதல் தாளையும் அக்கா எடுத்தாள்வதில்லை. தானே தொடங்கி, தொட்டியின் ஈர்ப்புக்கு ஓர் எழுத்தை வைத்து, முடிவில் பூஜ்யமாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். முடிவுக்கு வந்தபோது அது நினைவில் இல்லை. இப்போது பூஜ்யத்தைப் போட்டதும் குன்று எழுந்து தம்பியின் கோட்டின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது.

வீட்டில் கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ் போகவே போகாது.

“தப்பு கிடைச்சிடுச்சுங்க. ஈர்ப்ப அணைக்க மறந்துட்டேன்.”

“கேஸ அணைக்க மறப்ப, மோட்டார அணைக்க மறப்ப. இப்ப இது வேறயா?”

“சிரிக்காதீங்க. எல்லாரும் அணைப்பாங்க, நான்தான் விட்டுட்டேன்.”

“எல்லாருமா? அடிப்பாவி, அப்புறம் என் பொழப்பு என்ன ஆகுறது? அவனவன் மிதந்தே மாடிக்குப் போயிடுவான். லிஃப்ட்டுல யாரு ஏறுவா?”

“காகிதத்துலதாங்க.”

“அப்ப சரி. அந்தத் தேங்காயை எடு.”

தேங்காயைத் துருவும்போதும் அக்காவுக்கு மனம் ஆறவில்லை. எத்தனையோ பிள்ளைகளின் தப்புக் கணக்கைத் திருத்தியவர் அவர். தப்பு எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். எங்கோ இடித்துக்கொண்டு, வாயில் நுழையாத பின்னத்தில் போய் முடியும். இந்தத் தட்டைக் கோடு அப்படி இல்லை. சுருக்கமாக, பிசிறில்லாமல் வந்திருந்தது. தப்புக்கு இவ்வளவு லட்சணம் எங்கிருந்து வந்தது?

மறுநாள் ஈர்ப்பை முழுக்க அணைக்காமல் கொஞ்சம் விட்டுப் பார்த்தார். தட்டை. இன்னும் குறைத்தார். தட்டை. பெயருக்கு மட்டும் விட்டுவைத்தார். அப்போதும் தட்டைதான். துடைத்து எடுத்தால் மட்டுமே குன்று வந்தது.

காபி இயந்திரத்தின் பக்கத்தில் தம்பியைப் பிடித்தார்.

“கட்டுரையில ஒரு வரி சேக்கணும். ஈர்ப்பே இல்லாத தொட்டிக்கு மட்டும்தான் இதெல்லாம்னு.”

“எல்லாரும்தான் அணைக்கிறாங்க. யாராவது எழுதுறாங்களா?”

“எழுதி எழுதிச் சலிச்சு, இப்ப யாரும் எழுதுறதில்ல.”

“அக்கா, தலைப்புலயே ‘எல்லாக் கருந்துளைக்கும்’னு போட்டிருக்கோம். இந்த வரி வந்தா தலைப்பு போச்சு. தலைப்பு போனா தலைவர் முகம் எப்படிப் போகும்னு தெரியும்ல? உங்க நீட்டிப்பு...”

“தெரியும்டா.”

“தெரிஞ்சுமா? எனக்காவது நிரந்தர வேலை. உங்களுக்கு எதுக்குக்கா இந்த வம்பு?”

“இத்துனூண்டு விட்டாலும் தட்டையாயிடுதுடா. ஏன்னு தெரிஞ்சுக்க வேணாமா உனக்கு?”

தம்பி வாயருகே கொண்டுபோன கப்பைக் கீழே இறக்கினார்.

“எவ்வளவு சின்னதா வச்சுப் பாத்தீங்க?”

“நீ சொல்லு, அதவிடச் சின்னதா வைக்கிறேன்.”

அதற்கு மேல் தம்பியால் காபி குடிக்க முடியவில்லை. இருவரும் அக்காவின் அறைக்குப் போனார்கள். அக்கா எழுத, தம்பி குறுக்கே பேச, பலகை நிரம்பிக்கொண்டே வந்தது. கருந்துளையின் ஈர்ப்பு தூரத்திலும் உணரப்படும். தொட்டியில் ஈர்ப்பு இருந்தால் அது கருந்துளையை முதலிலிருந்தே உணர்ந்துகொண்டிருக்கிறது. நடுவில் சுவர் கிடையாது.

“அப்ப உள்ள விழுந்தது மொதல்லேந்தே வெளியவும் இருந்துச்சாக்கா?”

“இருக்கலாம். அதான் கோடு ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. உள்ள வெளியன்னு நாம கோடு கிழிச்சதே செல்லாததா இருக்கலாம்.”

“அப்படின்னா, வெளிய வந்துச்சான்னு கேக்குறோமே, அந்தக் கேள்வி?”

“அதத்தான் நானும் யோசிக்கிறேன்.”

அக்கா சொன்ன வரி சேர்ந்தது. தலைப்பிலிருந்து ‘எல்லா’ போனது. எதிர்பார்த்த பெரிய ஆய்விதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. அதற்கு அடுத்த தரத்து ஆய்விதழ் ஒன்று எடுத்துக்கொண்டது. தலைவர் அக்காவைக் கூப்பிட்டு, “நல்லா இருந்த தலைப்ப நீங்களே வெட்டிட்டீங்களேம்மா” என்றார். முழு நீட்டிப்புக்கு மேலிடம் ஒத்துக்கொள்ளவில்லை. தம்பி வந்து பிடிவாதமாகக் கேட்டதாகவும், ஒரு வருடம் மட்டும் தர முடிந்ததாகவும் சொன்னார்.

அக்கா தன் அறைக்கு வந்தபோது தம்பி பலகையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, கையில் சாக்பீஸோடு நின்றார்.

“தொட்டியே வேணாம்க்கா. புதுசா ஆரம்பிப்போம். ‘வெளியே’ங்கிறதுக்கு மொதல்ல ஒரு எழுத்து வைங்க.”

“எங்க இருக்குன்னே தெரியாததுக்கு எழுத்தா? மொதல்ல எத எண்ணப் போறோம்னு சொல்லு.”

“எழுத்து இல்லாம எப்படிக்கா எழுதுறது?”

“எண்ணத் தெரியாம எழுதி என்னடா செய்ய?”

நடைவழியில் போனவர்கள் நின்று எட்டிப்பார்க்கும் அளவுக்கு அந்தச் சண்டை வளர்ந்தது. மேசையில் இருவருடைய சாப்பாட்டு டப்பாக்களும் திறக்காமல் கிடந்தன.